சுழலாத மேடை

லண்டனில் 1985இல் தொடங்கிய 'லே மிஸராப்ல' (நம்ம 'ஏழை படும் பாடு' கதையேதான்) நாடகத்துக்கு உயிரே சுழல்மேடைதான். சண்டை ஓய்ந்ததும், புரட்சிக்காரர்கள் தெருவில் எழுப்பிய தடுப்பரண் மெல்லத் திரும்பும். மறுபக்கம் தலைகீழாகத் தொங்கும் புரட்சித் தலைவன் ஆன்ஜோல்ராவின் உடல், கூடவே செங்கொடி. வசனமே கிடையாது.

அமெரிக்காவில் ஊர் ஊராகப் போன குழு, 2006 வரை அந்தச் சுழல்மேடையையும் லாரியில் சுமந்து அலைந்தது! ஒவ்வொரு ஊரிலும் பிரி, ஏற்று, மறுபடி பூட்டு.

25ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அதைக் கழற்றிவிட்டு, மூல நாவலை எழுதிய விக்டர் ஹ்யூகோவே வரைந்த ஓவியங்களைப் பின்திரையில் காட்டினார்கள். அழகுதான், மறுக்கலை.

ஆனா 2019இல் லண்டனிலும் பழசை மூடிவிட்டு, அந்தப் பயண வடிவத்தையே கொண்டுவந்து உட்காரவைத்தார்களே, அதுதான் கடுப்பு. ஒரே அரங்கில் வருஷக்கணக்கா ஓடுற நாடகத்துக்கு எதுக்குய்யா மூட்டைகட்டுற செட்?