கட்டுச்சோறும் உப்புத் தண்ணீரும்

ஆலப்பாக்கத்தைக் கடந்து கடலூரை நோக்கிச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, பேருந்து ஒன்றின் ஒலிப்பான் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் இருந்தது; நிமிர்ந்து பார்த்தால் பேருந்து பக்கத்திலேயே வந்துவிட்டிருந்தது. காலில் வலி இல்லை, மூச்சும் வாங்கவில்லை, ஆனால் மிதிக்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. சாலையோரப் பெட்டிக்கடை ஒன்றில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சட்டைப்பையில் இருந்த கடலைமிட்டாயின் உறையைப் பிரிக்கப் பார்த்தேன். விரல்கள் நடுங்கியதால் இரண்டு முறை தவறவிட்டு, கடைசியில் பல்லால் கடித்தே கிழித்தேன். கடைக்கார அம்மா, "தம்பி, கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சே, முதல்ல உட்காருப்பா" என்று முக்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு, நான் கேட்காமலேயே சர்க்கரை தூக்கலாக ஒரு தேநீர் கொடுத்தார். கால் மணி நேரத்தில் உலகம் தன் இடத்துக்குத் திரும்பியது.

இது சென்ற ஆண்டு ஏப்ரலில், புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் போய்த் திரும்பும் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் பயணத்தில் நடந்தது. அன்று விடியற்காலை ஒரு காபியோடு கிளம்பி, சிதம்பரம் சேரும்வரை எதையும் தின்னாமல், அங்கே நெய் மிதக்கும் பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிட்டு, வழியெல்லாம் வெறும் தண்ணீரை மூன்று லிட்டருக்குக் குறையாமல் குடித்திருந்தேன். இவற்றில் ஒவ்வொன்றும் தவறு என்பது பிறகுதான் விளங்கியது.

தசைகளிலும் கல்லீரலிலுமாக உடல் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்னும் சேமிப்பு மாவுச்சத்து ஏறக்குறைய 500 கிராம், அதாவது சுமார் 2000 கலோரி மட்டுமே. உடலில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அதை எரிக்கும் வேகம் குறைவு என்பதால், சற்று விரைவாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் இந்தக் கையிருப்பின் பெரும்பகுதி கரைந்துவிடும். கல்லீரலில் உள்ளது தீர்ந்து இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது முதலில் மங்குவது மூளைதான். காலுக்கு வலிக்காமலேயே நான் நின்றுபோனதற்குக் காரணம் அதுவே. பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் இந்த நிலையை 'ஃப்ரேங்கால்' என்பார்கள். பிரெஞ்சுப் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே வாழும் புதுச்சேரிக்காரர்களான நமக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கலாம்தான், நான் அதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமென்றால், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதை முதல் மணி நேரத்திலேயே தொடங்கியாக வேண்டும், ஏனெனில் பசி எடுத்த பிறகு சாப்பிடுவது வட்டி கட்டுவதற்கே சரியாகப் போகும். குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் குடலால் மணிக்கு சுமார் 60 கிராமுக்கு மேல் உறிஞ்ச முடிவதில்லை. பழச்சர்க்கரையான பிரக்டோஸையும் சேர்த்துக் கொடுத்தால், அது வேறு வழியாக நுழைவதால் 90 கிராம் வரை போகலாம். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சர்க்கரையோ பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ்! வெளிநாட்டுச் சர்க்கரைக்கூழ் (ஜெல்) பொட்டலங்களுக்கு நான் செலவழித்த பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நெய்ப்பொங்கல் ஏன் ஆகாது என்றால், கொழுப்பு இரைப்பையைச் சீக்கிரம் காலியாக விடாது. வெயிலில் மிதிக்கும்போது இரத்தம் தோலுக்கும் தசைக்கும் போய்விடுவதால் வயிற்றுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். இப்போது கிளம்புவதற்கு முன் நான்கு இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுகிறேன். பொடியும் நல்லெண்ணெயும் இல்லாத இட்லி இட்லியா என்று வீட்டில் கேலி செய்வார்கள். பொடியை ஞாயிறு மாலைக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

வழியில் தின்ன எனக்கு மிகவும் ஒத்துப்போனது கட்டுச்சோறு. எண்ணெயைப் பாதியாகக் குறைத்து, கடலைப்பருப்பும் வேர்க்கடலையும் போடாமல் (மூச்சு வாங்கும் நேரத்தில் பருப்புத் துணுக்கு தொண்டையில் நிற்கும்) கிளறிய புளியோதரையை எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளாகப் பிடித்து, ஒவ்வொன்றையும் தணலில் வாட்டிய வாழையிலைத் துண்டில் மடித்து வைத்துக்கொள்கிறேன். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழிந்துவிடும்; வாட்டியது துணிபோல் மடங்குவதோடு, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடியே மற்றொரு கையாலும் பல்லாலும் திறக்கவும் வரும். அரிசியும் உப்பும் சேர்ந்தே உள்ளே போகின்றன, தித்திப்பு திகட்டிய நேரத்தில் புளிப்பு நாக்கை எழுப்புகிறது. இதற்கு இடையிடையே ஏலக்கி வாழைப்பழம்: சிறு பழம் ஒன்றில் 12 முதல் 15 கிராம் மாவுச்சத்து இருக்கும் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போடுவது எளிது. கடலைமிட்டாயைக் கைவிடவில்லை, ஆனால் கடலையில் கொழுப்பு அதிகம் என்பதால் அது வண்டியை நிறுத்தி இளைப்பாறும் நேரத்துக்கு உரியது.

உணவைவிட என்னை அதிகம் ஏமாற்றியது தண்ணீர்தான். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி; வியர்வை ஆவியாகாமல் சொட்டுவதால் உடல் குளிராது, குளிராததால் இன்னும் வியர்க்கும். எனக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று அறிய, ஒரு நாள் கடலூர் மஞ்சக்குப்பம் வரை போய்த் திரும்பும் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு முன்னும் பின்னும் உடலைத் துடைத்துவிட்டு எடை பார்த்தேன். வழியில் 750 மில்லி குடித்திருந்தும் 1.3 கிலோ குறைந்திருந்தது. ஆக மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்.

வியர்வையில் சோடியம் ஆளுக்கு ஆள் மாறுபடும். லிட்டருக்கு ஒரு கிராம் என்று கொண்டால் அது சுமார் இரண்டரை கிராம் சாப்பாட்டு உப்பு. காய்ந்த பிறகு கறுப்புச் சட்டையின் முதுகில் வெள்ளை வரைபடம் தெரிந்தால் அவருக்கு உப்பு அதிகம் போகிறது என்று கொள்ளலாம். உப்பு போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறி ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், தீவிரமானால் உயிருக்கே ஆபத்து. பயணம் முடிந்து எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம் என்று பொருள்.

இங்கே இளநீர்ப் பிரியர்கள் என்மீது கோபப்படக்கூடும். இளநீரில் நிறைய இருப்பது பொட்டாசியம். வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். குடிக்க இதமாக இருக்கும், நானும் தவளக்குப்பத்தில் நின்று குடிப்பவன்தான், ஆனால் அதையே மருந்தாக நம்பி இரண்டு மணி நேரம் ஓட்டக் கூடாது. அதற்கு உப்புப் போட்ட எலுமிச்சை சோடாவோ, உப்புக் கூடிய நீர்மோரோ மேல்.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்திருப்பதில் ஒரு நுட்பம் உண்டு: சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாக வந்தால் குடல் இரண்டையும் ஒரே வாசல் வழியாக உள்ளே இழுக்கிறது, பின்னாலேயே தண்ணீரும் செல்கிறது. 1971இல் வங்கதேசத்திலிருந்து வந்த அகதிகளின் முகாமில் காலரா கண்டவர்களை மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கவைத்துக் காப்பாற்றியது இந்த அடிப்படையில்தான். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. அது நீரிழப்புக்கானது, எரிபொருளுக்குப் போதாது. எனவே என் 750 மில்லி பாட்டிலில் எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சம்பழம். இன்னொரு பாட்டிலில் வெறும் தண்ணீர், வாய் கொப்பளிக்கவும் பிடரியில் ஊற்றவும். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இந்த அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்ற வேண்டாம்.

சர்க்கரை கரைத்த பாட்டிலை வீட்டுக்கு வந்ததும் கழுவிவிட வேண்டும். ஒருமுறை அசதியில் அப்படியே சமையல்மேடையில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்; காலையில் ஜன்னலிலிருந்து மூடிவரை எறும்புச் சாரை. எறும்பைத் தட்டிவிடலாம், மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் படிந்த கறுப்புப் பூஞ்சைக்குப் பழைய பல்துலக்கியும் வெந்நீரும் தேவைப்பட்டன.