சித்தியின் நீள நோட்டு

சித்தி திருவல்லிக்கேணியில் மெஸ் நடத்துகிறார். பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்து, சுற்றிலும் மேன்ஷன்கள். அங்கே தங்கியிருக்கும் பையன்களுக்குக் காலை டிபனைப் பொட்டலம் கட்டி அறைக்கே அனுப்புவதுதான் முக்கால்வாசி வியாபாரம். ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் படித்து, நீள நோட்டில் எழுதிக்கொள்வார். போன வருஷம் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து போனைப் பார்த்துப் பார்த்து எழுதுவது அவருக்குக் கஷ்டமாகிவிட்டது. அதனால் நான் ஒரு கூகுள் ஃபார்ம், அதாவது பையன்கள் போனிலேயே நிரப்பும் படிவம், போட்டுக் கொடுத்தேன். நிரப்பும் பதில்கள் கூகுள் ஷீட் என்கிற கணினி அட்டவணையில் ஆளுக்கு ஒரு வரிசையாக வந்து விழும். பகலில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில் போடுகிறவன் நான். ஷீட் எனக்குப் புதிதில்லை.

ஃபார்மில் நாலே கேள்வி. பெயர், என்ன வேண்டும், எந்த மேன்ஷன், எந்த அறை. இரண்டாவது கேள்வி செக்பாக்ஸ். ஒருவர் எத்தனை ஐட்டம் வேண்டுமானாலும் டிக் செய்யலாம். ராத்திரி ஒன்பது மணியோடு சரி.

முதல் நாள் ஷீட்டைத் திறந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. ஒருவர் மூன்று ஐட்டம் டிக் செய்தால் மூன்றும் ஒரே கட்டத்தில் வந்து உட்காருகின்றன: ‘இட்லி, ரவா தோசை, வடை’ என்று, நடுவில் ஒரு கமாவும் ஓர் இடைவெளியும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐம்பத்தைந்து பேரில் எத்தனை பேருக்கு வடை என்று கேட்டால் விரல் விட்டுத்தான் எண்ண வேண்டும். ஃபார்மின் ரெஸ்பான்சஸ் பக்கத்தில் ஐட்டம்வாரியாகப் பட்டை வரைந்து காட்டுகிறதே என்பீர்கள். அது முதல் நாளிலிருந்து வந்த எல்லா ஆர்டரையும் சேர்த்து எண்ணுகிறது. சித்திக்கு வேண்டியது நாளைக் காலைக் கணக்கு.

டேட்டா மெனுவில் ‘ஸ்பிளிட் டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அதைச் சொடுக்கினேன். ஐட்டங்கள் வலதுபக்கமாகப் பிரிந்து போய், அங்கே இருந்த மேன்ஷன் பெயரின் மீதும் அறை எண்ணின் மீதும் ஏறிக்கொண்டன. கண்ட்ரோல் இசட் அடித்து மீட்டேன். தவிர, அது ஒரு தடவைதான் பிரிக்கும். அடுத்து வரும் ஆர்டர் பழையபடி ஒரே கட்டத்தில்தான் விழும்.

அப்புறம் தனி ஷீட்டில் ஸ்பிளிட் ஃபார்முலா போட்டேன். பிரிக்கும் குறியாகக் கமாவும் இடைவெளியும் கொடுத்தேன். பார்த்தால் ‘ரவா’ ஒரு கட்டத்தில், ‘தோசை’ அடுத்த கட்டத்தில். சும்மா விட்டால் ஸ்பிளிட், நாம் கொடுக்கும் குறியில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிக் குறியாக எடுத்துக்கொள்கிறது. கமா வந்தாலும் வெட்டும், இடைவெளி வந்தாலும் வெட்டும். ஃபார்முலாவுக்குள் பதில், குறி இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக ‘ஃபால்ஸ்’ என்று சேர்த்தால்தான் இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில் மட்டும் வெட்டும். நம் ஊர் ஐட்டங்களில் பாதிக்கு மேல் இரண்டு சொல். இதைக் கவனிக்காமல் விட்டால் கணக்கு அத்தனையும் போச்சு.

‘பூரி, கிழங்கு’ என்று ஃபார்மிலேயே கமா போட்டு வைத்திருந்தேன். அதுவும் இரண்டாகப் பிரிந்தது. ‘பூரி கிழங்கு’ என்று மாற்றினேன். ஃபார்மில் மாற்றினாலும் ஏற்கெனவே வந்த பதில்கள் பழையபடியேதான் இருக்கும். அவற்றை ஷீட்டில் கையால்தான் திருத்த வேண்டும்.

இப்போது எல்லாம் சுத்தமாகப் பிரிந்தன. கவுண்ட்இஃப் போட்டு மொத்தத்தையும் எண்ணிவிட்டேன். மொத்தம் மட்டும் போதுமென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பெருமையாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்ச் சித்தியிடம் நீட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார்.

“ஏன்டா கண்ணா, இதுல வடை எங்க இருக்கு?”

ஒருவருக்கு வடை முதல் கட்டத்தில், இன்னொருவருக்கு மூன்றாவதில். யார் எதை விட்டாரோ அதற்குத் தக்கபடி மற்றவை இடதுபக்கம் நகர்ந்திருந்தன. சித்தி தன் நீள நோட்டை எடுத்து விரித்தார். மேலே இட்லி, பொங்கல், தோசை, வடை என்று தலைப்பு. இடது ஓரம் முழுக்க அறை எண். நடுவில் பென்சில் டிக். வடை வேண்டுமென்றால் வடைத் தலைப்புக்குக் கீழே விரலை வைத்து அப்படியே இறக்கிக்கொண்டு போனால் போதும். எண்ணிக்கையும் அதில் இருக்கிறது, எந்த அறை என்பதும் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக அவர் கை வைத்திருந்த அமைப்பு அது. எனக்கு வேண்டியது பிரிப்பது இல்லை, ஒவ்வோர் ஐட்டத்துக்கும் அதன் இடத்தைக் கொடுப்பது என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அன்று ராத்திரி ஸ்பிளிட்டைத் தூக்கிவிட்டேன். தனி ஷீட்டில் முதல் வரிசையில் ஐட்டம் பெயர்கள். கீழே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி: மேலே இருக்கும் பெயர் இவருடைய பதிலுக்குள் இருக்கிறதா? சர்ச் ஃபார்முலா தேடும். கிடைத்தால் ஓர் எண் வரும், இல்லையென்றால் பிழை. அதை, வந்தது எண்தானா என்று பார்க்கும் ஈஸ்நம்பரால் சுற்றி, இருந்தால் 1, இல்லையென்றால் வெற்றிடம் என்று இஃப் போட்டேன். நெடுவரிசையைக் கூட்டினால் மொத்தம்.

மறுநாள் வடை 23 என்று காட்டியது, சாம்பார் வடை 9. சித்தி நாலு மணிக்கு எழுந்து முப்பத்திரண்டு வடைக்கு உளுந்து ஊறப்போட்டார். உண்மையில் வெறும் வடை கேட்டவர்கள் 14 பேர்தான். ‘சாம்பார் வடை’ என்பதற்குள்ளும் ‘வடை’ இருக்கிறதே, ஃபார்முலா இரண்டையும் வடையில் சேர்த்துவிட்டது. தோசைக்கும் ரவா தோசைக்கும் அதே கதி. மிஞ்சிய ஒன்பதைத் தயிர் வடையாக்கிவிட்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்க மனசு சரியில்லை. அவர் கண்ணை நம்பியிருந்தவரை ஒரு வடைகூடத் தப்பியதில்லை.

தீர்வு சின்னதுதான். தேடும் பெயருக்கு முன்னும் பின்னும் கமா, இடைவெளி சேர்க்க வேண்டும். பதிலுக்கும் அதேபோல் இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். அப்போது ‘, வடை, ’ என்று முழுதாக இருந்தால் மட்டுமே கிடைக்கும். சாம்பார் வடையில் வடைக்கு முன்னால் கமா இல்லை, அதனால் மாட்டாது. தலைப்புகளைத் திரும்ப அடிக்காமல் ஃபார்மிலிருந்தே காப்பி எடுத்து ஒட்டுங்கள். கடைசியில் ஓர் இடைவெளி அதிகமாக இருந்தாலும் ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்று. புது ஆர்டர் வரும்போது ஃபார்ம் ஒரு வரிசையைப் புதிதாக நுழைக்கிறது. நாம் கீழே வரை இழுத்துவிட்ட ஃபார்முலா அந்த வரிசையைத் தாண்டிப் போய்விடும். தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு அரே ஃபார்முலா (ஒரு கட்டத்தில் எழுதினால் கீழே எல்லா வரிசைக்கும் தானே விடை போடுவது) போட்டு, பதில் நெடுவரிசை முழுவதையும் அதில் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இன்றைய ஆர்டரை மட்டும் காட்ட, ஒவ்வொரு பதிலோடும் ஃபார்ம் பதியும் நேர முத்திரை இன்றைய தேதிக்குக் குறையாமல் இருப்பவற்றை ஃபில்டர் செய்கிறேன். ஷீட்டின் செட்டிங்ஸில் நேர மண்டலம் இந்திய நேரமாக இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தினமும் ஒன்பதேகால் மணிக்குப் பிரிண்ட் போய்விடுகிறது. சித்தி அதைக் கிரைண்டருக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொள்கிறார். பொட்டலம் கட்டக் கட்ட அந்த அறை எண்ணைப் பென்சிலால் அடிக்கிறார்.

போன வாரம் அடுத்த கேள்வி வந்தது: “இட்லின்னா எத்தனை இட்லிடா?” அதற்கு ஃபார்மில் கிரிட் கேள்வி இருக்கிறது. ஐட்டங்கள் மேலிருந்து கீழாக, எண்ணிக்கை குறுக்காக. அதில் ஒவ்வோர் ஐட்டத்தின் பதிலும் ஷீட்டில் தானாகவே தனி நெடுவரிசையில் வந்துவிடும், பிரிக்கும் வேலையே இல்லை. ஆனால் போனில் குறுக்கே நகர்த்தி நகர்த்தி நிரப்ப வேண்டியிருக்கிறது என்று பையன்கள் முகம் சுளிக்கிறார்கள். அதனால் இட்லிக்கும் பூரிக்கும் மட்டும் கிரிட், மற்றதெல்லாம் பழையபடி டிக். திங்கள் முதல் அப்படித்தான் போடப்போகிறேன்.