எண்டோமெட்ரியோசிஸ் ஆபரேஷனுக்கு லண்டனில் பை கட்டுவது

ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கூடவே ஓர் அம்மாவோ அத்தையோ பாயும் ஃபிளாஸ்க்குமாகப் போய்விடுவார்கள். லண்டனில் நான் இருந்த வார்டில் பார்வை நேரம் முடிந்ததும் கணவரைக்கூட அனுப்பிவிட்டார்கள். மணியடித்தால் நர்ஸ் வருவார், ஆனால் அவருக்குப் பல கட்டில்கள். அதனால், கூட ஒரு ஆள் இருந்தால் நமக்கு என்னென்ன எடுத்துக் கொடுப்பார் என்று யோசித்துத்தான் பை கட்ட வேண்டும்.

எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து வலி கொடுக்கும் நோய். அது இன்னதென்று கண்டுபிடிக்கவே பிரிட்டனில் சராசரியாக 8 வருடம் 10 மாதம் ஆகிறது என்று எண்டோமெட்ரியோசிஸ் யூகே அமைப்பு 2024-ல் சொன்னது. அத்தனை காலம் வலியோடு வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்தவள், படுத்திருக்கும் அந்த நாட்களிலாவது சிரமமில்லாமல் இருக்கட்டும்.

முதலில் உடை. இதற்கு லேப்ராஸ்கோபி, அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டு ஆபரேஷன் செய்வார்கள். அதில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பித்தான் வேலை செய்வார்கள். முடிந்த பிறகும் வயிறு உப்பியிருக்கும், தொப்புளில் ஒரு தையல், கீழே இன்னும் ஓரிரண்டு. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த எதுவும் சரியாக அந்தத் தையல் மேலேயே அழுத்தும். நம்ம ஊர் பருத்தி நைட்டியைவிட நல்ல உடை இதற்குக் கிடையாது. உள்ளாடை ஒரு சைஸ் பெரிதாக, தொப்புளுக்கு மேல் ஏறுவதாக இருக்கட்டும். சில நாள் ரத்தக்கசிவு இருக்கும், பேட் நிறைய வேண்டும். டாம்பான் கூடாது.

வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள்பட்டை ஏன் வலிக்கிறது என்று பலர் பயந்துபோகிறார்கள். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்துவதால் வரும் வலி அது. மெதுவாக எழுந்து நடந்தால் குறையும். வாயு பிரிய எனக்குப் பெப்பர்மின்ட் டீ உதவியது, நாலைந்து டீ பை போட்டுக்கொள்ளுங்கள்.

தாலி விஷயத்தை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. மின்சாரத்தால் திசுவைச் சுடும் கருவி பயன்படுத்துவதால் உடம்பில் உலோகம் இருந்தால் தீக்காயம் ஆகலாம். தங்கத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, மனசு கேட்காதவர்கள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக்கொள்ளலாம். அதையும் அனுமதிப்பார்களா என்று முன்பரிசோதனைக்குப் போகும்போதே கேளுங்கள். நகச்சாயமும் வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்டாது. அப்புறம், அன்று காலை கர்ப்பப் பரிசோதனைக்குச் சிறுநீர் கேட்பார்கள். கல்யாணமாகாத பெண்ணிடமும் கேட்பார்கள். அது எல்லோருக்கும் செய்வது, கூட வரும் அம்மாக்கள் பதற வேண்டாம்.

நீளமான சார்ஜர் வயர், உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர் பாட்டில், வழுக்காத செருப்பு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் அவற்றின் டப்பாவோடேயே. குனியாமல் எடுக்கிற உயரத்தில் இவை இருக்க வேண்டும். காரில் திரும்பும்போது சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைக்க ஒரு சின்னத் தலையணை.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது ஒரு நோட்டும் பேனாவும். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருக்கும்போது டாக்டர் வந்து விளக்கிவிட்டுப் போவார், பாதி நினைவில் நிற்காது. எங்கெல்லாம் இருந்தது, சூலகத்திலா, குடலிலா, சிறுநீர்ப்பையிலா? வெட்டி எடுத்தார்களா, சுட்டார்களா? பயாப்ஸிக்கு அனுப்பினார்களா? கேள்விகளைத் தமிழிலேயே எழுதி வைத்து, பதிலை அப்போது பார்க்க வந்திருப்பவரிடம் குறிக்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நாளை ஊருக்கே திரும்பினாலும் அடுத்த டாக்டருக்கு அது வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் வார்டிலேயே ஃபிட் நோட் (வேலைக்குப் போக முடியாது என்று ஆபீசுக்குக் கொடுக்கும் மருத்துவச் சான்று) கேளுங்கள். விடுப்பின் முதல் 7 நாளுக்கு அது தேவையில்லை, அதற்கு மேல் தேவை. அங்கேயே வாங்கிவிட்டால் வலியோடு ஜிபியை (நாம் பதிந்திருக்கும் குடும்ப டாக்டரை) தேடி அலைய வேண்டாம்.