முந்திரியைக் காணோம்

ஆடிப் பதினெட்டுக்குத் திருச்சியில் காவிரிக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறு இல்லாமல் போகமாட்டார்கள். சக்கரைப் பொங்கல், புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாவற்றையும் அம்மா வாழையிலை போட்டு மூடி, கூடத்தில் வரிசையாக வைத்திருந்தார். வாசலில், காவிரிப் படித்துறையான 'அம்மா மண்டப'த்துக்கு ஆட்டோ பேரம். ஒருவர் பேசினால் போதாது என்று மொத்தக் குடும்பமும் அங்கே போய் நின்றது, மைனரைத் தவிர.

மைனர் எங்கள் லாப்ரடார். அந்த இனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியை அடக்கும் மரபணுவில் ஒரு துண்டு குறைவு என்று 2016-இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்களாம். 'அந்தத் துண்டைத்தான் ஊரெல்லாம் தேடித் தின்னுது போல' என்பது அம்மாவின் கருத்து.

திரும்பி வந்து பார்த்தால், சக்கரைப் பொங்கல் பாத்திரம் கழுவி வைத்ததுபோல் இருக்கிறது. புளியோதரையில் பாதி இல்லை. அதற்குக் கொடுக்கக்கூடியதென்று அங்கே இருந்த ஒரே பண்டம் தயிர்ச் சாதம். அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாய்க்கு என்ன, செரிச்சிடும். எங்க வீட்டு நாயெல்லாம் மீன் குழம்புலதான் வளர்ந்துச்சு" என்றார் சித்தி. அந்த நாய்கள் எத்தனை வருடம் இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. தங்கைதான் அலறினாள். "அதுல திராட்சை இருக்கு!" உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைத்துவிட்டால் நல்லது. காவிரிக்குப் பேசிய ஆட்டோ கால்நடை மருத்துவரிடம் போனது. நாய்க்குத் தனி ரேட்.

"எத்தனை திராட்சை இருக்கும்?" என்று டாக்டர் கேட்டார். அம்மாவைக் கேட்க வேண்டிய கேள்விதான். "முப்பது போட்டேன். முந்திரி இருபது, ரெண்டா உடைச்சு."

எத்தனை தின்றால் ஆபத்து என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாதாம். ஒரு நாய் நிறையத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்று கொஞ்சத்திலேயே படுத்துவிடும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்காவில் விலங்கு நச்சு மருத்துவர்கள் 2021-இல் சொன்னார்கள். அதே அமிலம் புளியில் தாராளமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "புளி கூடாது, வெங்காயம் கூடாது, பூண்டு கூடாதுன்னா, குழம்பு மீந்தா நான் யாருக்குப் போடுறது?" வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது என்றார் டாக்டர். அம்மா கேட்டது அதையில்லை.

ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் மைனர் அவ்வளவையும் வெளியே கொட்டியது. லாப்ரடார் மெல்லாது, அப்படியே விழுங்கும் என்பதால் போட்டது போட்டபடி வந்தது. அம்மா ஒரு குச்சியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். அவருக்கு அந்தச் சிக்கல் இருப்பதாகவே தெரியவில்லை.

"இருபத்தெட்டு. திராட்சை சரியா வந்துடுச்சு, ரெண்டு சாமிக்கு எடுத்து வச்சேன்." சொல்லிவிட்டு மறுபடி கிளறினார். "ஆனா முந்திரி ஒண்ணுகூட இல்லையே?"

டாக்டரும் குனிந்து பார்த்தார். உண்மையிலேயே இல்லை. அம்மா நிமிர்ந்து எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் நின்ற அப்பா, ரேபீஸ் தடுப்பூசி போஸ்டரை வெகு சிரத்தையாகப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை வந்த பிறகு இனிப்பு என்றால் விரோதம் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

"முந்திரியை மட்டும்தான் பொறுக்கினேன்" என்றார்.

"முந்திரியில ஒட்டியிருந்ததை?"

அதற்குப் பதில் வரவில்லை.

மைனருக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, அடுத்த சில நாள் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொன்னார்கள். அது பரிசோதனைக்குப் போன அன்றெல்லாம் அப்பாவையும் பக்கத்துத் தெரு லேபுக்கு அம்மா அனுப்பிவைத்தார். மைனருக்கு எல்லாம் இயல்பு. அப்பா ரிசல்ட்டைத் தானே வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வாங்காமலே வந்தார்.

இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் டாக்டர் சொன்ன பட்டியல் தங்கை கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது: திராட்சை, வெங்காயம், பூண்டு, புளி, சாக்லேட், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்பு) கலந்த சூயிங்கம். அதன் கீழே அம்மா பேனாவால் சேர்த்திருக்கிறார்: சக்கரைப் பொங்கல், ரெண்டு பேருக்கும்.