பழைய ரேமோடு புது ரேம்: 8 ஜிபியிலிருந்து 24 ஜிபிக்கு

என் டெஸ்க்டாப்பில் இருந்தவை இரண்டு 4 ஜிபி ஸ்டிக்குகள். டிடிஆர்4 தலைமுறை ரேம், வேகம் 2400 (நொடிக்கு இத்தனை மில்லியன் முறை தரவு போகும்). பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் திறந்து, கூடவே வீடியோ எடிட்டரையும் ஓடவிட்டால் மெஷின் திணறும். கூடுதலாக வாங்கிய இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளின் வேகமோ 3200. இப்படிக் கலந்து போடலாமா என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும். தாராளமாகப் போடலாம். எல்லாமே மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்கு இறங்கி ஓடும், அவ்வளவுதான்.

தலைமுறையைத்தான் கலக்க முடியாது. டிடிஆர்3-க்கு 240 பின்கள், டிடிஆர்4-க்கு 288. டிடிஆர்5-க்கும் 288தான் என்றாலும் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் உட்காராது.

நான் அதிகம் யோசித்தது எந்த ஸ்டிக் எந்த ஸ்லாட்டுக்கு என்பதைத்தான். என் மதர்போர்டில் பிராசஸர் பக்கத்திலிருந்து ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு ஸ்லாட்டுகள், ஏ ஒன்று பி ஒன்று என இரண்டு சேனல்கள், அதாவது பிராசஸருக்குத் தரவு போகும் பாதைகள். 8 ஜிபி இரண்டையும் ஒரே சேனலில் போட்டால் ஒரு பக்கம் 16, மறுபக்கம் 8 ஆகிவிடும். மிஞ்சுகிற 8 ஜிபி ஒற்றைச் சேனலில்தான் ஓடும். அதனால் புதியவை ஏ2, பி2-விலும் பழையவை ஏ1, பி1-லும் என்று பிரித்தேன். சேனலுக்கு 12 ஜிபி, முழுவதும் டூயல் சேனல், அதாவது இரண்டு பாதையும் சேர்ந்தே ஓடும்.

ஆனால் நான்கையும் ஒரே நேரத்தில் மாட்டவில்லை. முதலில் புதியவை மட்டும். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தினேன், மிச்ச மின்சாரம் போவதற்காக. கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கை எடுத்தேன். என் போர்டில் கிளிப் ஒரு பக்கம்தான் திறக்கும். வெட்டைப் பொருத்தி இரண்டு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்'கென்று கிளிப் தானாக மூடும். போர்டு லேசாக வளைகிற அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கும், கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். ரேமில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து இரவு முழுக்க ஓடவிட்டேன். பிழை எதுவும் இல்லை. அப்புறம்தான் பழையவற்றைச் சேர்த்தேன். இனி ஏதாவது தகராறு என்றால் புது ஸ்டிக்கைச் சந்தேகப்பட வேண்டாம், பாருங்கள்.

நான்கையும் போட்டு ஆன் செய்ததும் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. இந்த இடத்தில்தான் பலர் பதறிப்போய் ஆஃப் செய்துவிடுகிறார்கள். புது ரேமுக்கு ஏற்ற அமைப்பை போர்டு தேடிக்கொண்டிருக்கும். கொஞ்சம் பொறுத்தால் படம் வந்துவிடும். வந்தது. பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) 24 ஜிபி, 2400. மெம்டெஸ்ட்டை மறுபடி ஒரு சுற்று ஓட்டியபோதும் குறை இல்லை.

சரி, பார்ப்போமே என்று ரேமை அதன் மேல் குறித்த முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை ஆன் செய்து 3200-க்கு முயன்றேன். பூட் ஆகவில்லை. போர்டே சில முறை ரீஸ்டார்ட் ஆகிப் பழைய அமைப்புக்குத் திரும்பியது. 2400-க்குச் செய்த ஸ்டிக்கிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

டாஸ்க் மேனேஜரில் இப்போது 2400 என்று காட்டுகிறது, கணினியின் பாகங்களைப் பற்றிய விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் 1200. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் அதில் பாதிதான் தெரியும், பயப்பட வேண்டியதில்லை. பழைய இரண்டையும் கழற்றிவிட்டால் 16 ஜிபி 3200-இல் ஓடும். கேம் ஆடுபவர் என்றால் அதைத்தான் செய்யச் சொல்வேன். எனக்குப் பற்றாமல் இருந்தது இடம், அதனால் நான்கையும் அப்படியே விட்டுவிட்டேன்.