கருப்பு சிவப்புக் கிண்ணம்: மூன்றாவது சூளையில் கைகூடியது

கீழடியில் கிடைத்த கருப்பு சிவப்புப் பானைகளைப் பார்த்த நாளிலிருந்து ஒரே கேள்விதான். ஒரே மண், ஒரே நெருப்பு. உள்ளே கன்னங்கரேலென்றும் வெளியே சிவப்பாகவும் எப்படி வந்தது? சுட்டுத்தான் பார்ப்போமே என்று இறங்கிவிட்டேன்.

மண், பக்கத்து ஊரில் பானை செய்யும் வேளார் ஒருவரிடம் வாங்கியது. முதல் கிண்ணத்தை நான்கு நாள் மட்டும் உலர்த்தி வைத்தேன். அரை மணி நேரத்தில் படாரென்று வெடித்தது. “அடி காயாம சூளையில வைக்கலாமா தம்பி?” என்றார் வேளார். அடுத்ததைப் பத்து நாள் நிழலில் காயவிட்டேன். இந்த முறை வெடிக்கவில்லை, ஆனால் சூளையை மூடிய மண்பூச்சில் துளையே விடாததால் முழுக்கக் கருப்பு.

மூன்றாவது தடவைதான் சூட்சுமம் பிடிபட்டது. களிமண்ணில் இரும்பு இருக்கிறது. காற்றோடு வேகும் இடத்தில் அது சிவக்கும். காற்றுப் போகாத இடத்தில் கரி ஏறிக் கருக்கும். கிண்ணத்தில் உமியை நிரப்பி, உமிப் படுக்கையின் மேலேயே கவிழ்த்தேன். சுற்றி வறட்டி, வைக்கோல், மேலே மண்பூச்சு. இம்முறை சுற்றிலும் துளைகள். இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் சாம்பலைத் தள்ளி எடுத்தேன். உட்புறமும் வாய் விளிம்பும் கருப்பு, வயிறு செங்கல் சிவப்பு, இரண்டும் சேரும் இடத்தில் புகை படிந்தாற்போல ஒரு பழுப்பு வளையம். ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

அப்புறம் எழுத்து. 2019இல் வெளியான கீழடி அறிக்கையில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துள்ள 56 பானை ஓடுகள் வருகின்றன. ‘ஆதன்’ என்ற பெயரும் உண்டு. அங்கே 353 செ.மீ. ஆழத்து மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580. பல ஓடுகளில் பானையைச் சுட்ட பிறகே கீறியிருக்கிறார்கள் என்பது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஈர மண்ணில் என்றால் குயவர் எழுதியிருக்கலாம். சுட்ட பிறகு என்றால், வாங்கிப் போனவர் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

சுட்ட ஓடு ஒன்றின் தோள்பட்டையில் ஆணியால் ‘ஆதன்’ என்று தமிழியில் கீறினேன். மெருகேறிய பரப்பில் ஆணி வழுக்குகிறது. ஒரே கோட்டை ஏழெட்டு முறை இழுத்தால்தான் பள்ளம் விழுகிறது. கவட்டையைத் தலைகீழாக நிறுத்தியது போன்ற ‘த’ எளிதில் வந்தது. அதே ஓட்டில் இன்றைய ‘ஆ’வை எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு வளைவிலும் ஆணி எகிறியது. மூன்றே எழுத்துக்கு நாற்பது நிமிடம். வீட்டுப் பானைக்கு ஒருவர் இவ்வளவு பாடுபட்டார் என்றால், எழுத்து அவருக்குப் பழகிய விஷயமாக இருந்திருக்க வேண்டும், படிக்க வீட்டில் ஆளும் இருந்திருக்க வேண்டும்.

மகள் இன்னொரு ஓட்டில் அதையே கீறினாள். அவளுடைய ‘ஆ’ சாய்ந்திருக்கிறது, என்னுடையது நெட்டுக்குத்து. அறிக்கைப் படங்களிலும் ஓட்டுக்கு ஓடு கையெழுத்து மாறுகிறது. இரண்டு ஓடுகளையும் அலமாரியில் சேர்த்து வைத்திருக்கிறேன்.