கன்வர்ட்டர் இறங்கிய சத்தம்

ஊரில் நான் ஓட்டிய வண்டிகள் எல்லாவற்றிலும் கிளட்ச் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்து வாங்கிய முதல் கார் ஆட்டோமேட்டிக். இடது காலுக்கு வேலையே இல்லை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் என் கால் செய்துவந்த வேலையை இங்கே எது செய்கிறது என்று ஒரு வருடம் வரை நான் யோசித்ததில்லை. நேரம் தவறாமல் வேலைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்த காலம் அது. விடியற்காலை நான்கரை மணி ஷிப்டுக்குப் பஸ் கிடையாது. கார் இல்லையென்றால் வேலையும் இல்லை.

ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும் வழியில் ஆயில் விளக்கு எரிந்தது. வீடு பக்கம்தானே என்று ஓட்டிவிட்டேன். அந்தச் சில நிமிடங்களில் எஞ்சின் உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்டது. கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது. பட்டறையில் விசாரித்தால், எஞ்சின் மாற்றும் கூலியே காரின் விலையைத் தாண்டியது. வேலைக்கு இன்னொருவர் வண்டியில் தொற்றிக்கொண்டு போய்வந்த அந்த நாட்களில்தான், உடன் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், "என் வீட்டு கராஜ் இருக்கிறது தம்பி, நாமே மாற்றலாம்" என்றார். ஊரில் லாரிப் பட்டறையில் இருந்தவர். ஆட்டோமேட்டிக் வேலையை இங்கே வந்த பிறகுதான் கற்றுக்கொண்டிருக்கிறார்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் அதே மாடல் எஞ்சின் கிடைத்தது. என்னுடையது பின்சக்கரத்துக்கு விசை போகும் பழைய செடான். அதனால் கியர்பாக்ஸை வண்டியிலேயே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் மேல்வழியாகத் தூக்க முடிந்தது. ரேடியேட்டர், ஹோஸ்கள், வயர்கள், சைலன்சர் குழாய் என்று கழற்றுவதில் ஒரு சனி, ஞாயிறு போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: கழற்றிய போல்ட்டுகளை டப்பாவில் போடாமல், ஒரு அட்டையில் பெல் ஹவுசிங்கின் (கியர்பாக்ஸின் முன்னால் எஞ்சினோடு சேரும் மணி வடிவக் கூடு) வட்டத்தை வரைந்து, எந்த இடத்தில் எந்த போல்ட் இருந்ததோ அங்கேயே குத்திவைத்தோம். அவற்றில் மூன்று நீளங்கள் இருந்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், எண்ணெய் நிறைந்த ஒரு கனத்த உருளை இருக்கிறது: டார்க் கன்வர்ட்டர். எஞ்சினைப் பிரித்து இழுக்கும்போது அது கியர்பாக்ஸோடு நிற்கவேண்டும். எங்களுடையது கொஞ்சம் முன்னால் நழுவி, சிவப்பு எண்ணெய் தரையில் கொட்டியது. அண்ணன் அன்று இரவு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். நூலகத்தில் எடுத்த பழுதுபார்ப்புக் கையேட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு அதைத் தனியாக உள்ளே தள்ளினேன். கன்வர்ட்டர் முழுமையாக 'அமர்ந்திருக்க' வேண்டும் என்று அந்த ஆங்கிலப் புத்தகம் ஒரே வரியில் முடித்துக்கொண்டது. எப்படி அமரும், அமர்ந்ததை எப்படி அறிவது என்று அதில் இல்லை. தள்ளினேன், ஒரு 'டக்' கேட்டது. மறுபடி தள்ளினேன், இன்னொரு 'டக்'. அமர்ந்துவிட்டது என்று நம்பினேன்.

அடுத்த வாரம் புது எஞ்சினைக் கிரேனில் தொங்கவிட்டு இறக்கினோம். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி, ஜாக்கிக்கும் கியர்பாக்ஸின் எண்ணெய்த் தொட்டிக்கும் இடையில் பலகை. எஞ்சினைச் சரித்து, ஆட்டி, கிரேனை அங்குலம் அங்குலமாக இறக்கி, இரண்டு முகங்களையும் நேருக்கு நேர் கொண்டுவந்தோம். கிட்டத்தட்ட மூடிவிட்டது. விரல் நுனி நுழையும் அளவு இடைவெளி மட்டும் மிச்சம். இரண்டு நீள போல்ட்டுகளை மாட்டி இறுக்கினால் வந்துவிடும் என்று ஸ்பானரை எடுத்தேன்.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போல்ட்டை வைத்து இழுக்காதே. பம்ப் உடைந்துவிடும்."

அரை மணி நேரமாகத் தூக்கிச் சேர்த்ததை மறுபடி பிரிக்கவேண்டும் என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் அவசரப்படவில்லை. எஞ்சினைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, டார்ச்சை என் கையில் கொடுத்து, கன்வர்ட்டரை வெளியே எடுத்துக் காட்டினார். அதன் பின்பக்கம் குழாய் மாதிரி ஒரு கழுத்து. கழுத்தின் விளிம்பில் எதிரெதிரே இரண்டு வெட்டுகள். "இதில் எண்ணெய்தான் கிளட்ச்" என்றார். எஞ்சின் கன்வர்ட்டரைச் சுழற்ற, உள்ளே இருக்கும் எண்ணெய் கியர்பாக்ஸ் தண்டைச் சுற்றவைக்கிறது. அந்த எண்ணெய்க்கு அழுத்தம் கொடுக்கும் பம்ப் கியர்பாக்ஸின் முகப்பிலேயே இருக்கிறது. அந்த பம்பின் பல்லில் போய் மாட்டவேண்டியவைதான் அந்த இரண்டு வெட்டுகள்.

ஆக, கன்வர்ட்டர் மூன்று இடங்களில் இறங்கவேண்டும். கியர்பாக்ஸ் தண்டின் வரிப்பற்கள் ஒன்று. அதைச் சுற்றியிருக்கும் அசையாத ஸ்டேட்டர் குழாயின் வரிப்பற்கள் இன்னொன்று. கடைசியில் பம்ப். நான் இரண்டோடு நிறுத்தியிருக்கிறேன். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கியிருந்தால், கன்வர்ட்டரின் கழுத்து நேராக பம்பின் பல்லை நசுக்கியிருக்கும். எஞ்சினுக்காக ஆரம்பித்த வேலை கியர்பாக்ஸையும் தின்றிருக்கும்.

கையோடு பம்பின் சீலைப் புதிதாக மாற்றினார். பழைய சீல் நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது. கன்வர்ட்டரில் ஒரு லிட்டர் போல எண்ணெய் ஊற்றினோம். கழுத்தில் எண்ணெய் தடவி, இரண்டு கைகளாலும் தூக்கித் தண்டில் ஏற்றிய பிறகு, என் கைகளை அதன் மேல் வைக்கச் சொன்னார். தன் கைகளை என் கைகள் மேல் வைத்தார். "தள்ளாதே. சுற்று. சுற்றிக்கொண்டே லேசாக அழுத்து." முதல் டக். இரண்டாவது டக். பிறகு ஒன்றுமே இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தோம், மூன்று சுற்றோ நான்கு சுற்றோ. சட்டென்று அந்தக் கனம் முழுவதும் என் உள்ளங்கையை விட்டு உள்ளே போயிற்று. சத்தம் மற்ற இரண்டையும்விடத் தாழ்ந்த சத்தம். அதைக் காதைவிட மணிக்கட்டு முதலில் அறிந்துகொள்ளும்.

பெல் ஹவுசிங்கின் குறுக்கே இரும்பு அளவுகோலை வைத்து ஆழத்தை அளந்தோம். கையேட்டில் இருந்த எண்ணும் இந்த எண்ணும் இப்போது ஒத்துப்போயின. அந்த எண் முதல் நாளே என் கண்ணெதிரே இருந்தது. அளக்கவேண்டும் என்பதற்காகத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கு வந்தபின் படித்த எத்தனையோ படிவங்களும் அறிவிப்புகளும் எனக்கு அப்படித்தான் இருந்திருக்கின்றன. சொல் புரியும், செய்யவேண்டியது புரியாது. யாராவது ஒருவர் கையைப் பிடித்துக் காட்டும்வரை அது அப்படியே நிற்கும்.

மறுபடி இறக்கும் முன் அண்ணன் எஞ்சினின் பின்முகத்தைத் தடவிப் பார்த்து, டவல் முளைகள் இரண்டில் ஒன்று இல்லை என்று கண்டுபிடித்தார். இரண்டு முகங்களையும் மையம் தப்பாமல் வைத்திருப்பவை அவைதாம். பழைய எஞ்சினிலிருந்து ஒன்றைப் பிடுங்கி மாட்டினோம். இந்த முறை கையால் ஆட்டியே இரண்டு முகங்களும் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டன. வயர் எதுவும் நடுவில் சிக்கவில்லை என்று சுற்றிலும் பார்த்த பிறகுதான் போல்ட்டைத் தொட்டோம்.

நான் வண்டிக்கு அடியில் போய் ஸ்டார்ட்டர் மோட்டார் துளை வழியாகக் கன்வர்ட்டரை விரலால் தள்ளினேன். தடையில்லாமல் சுற்றியது. அதற்கும், எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் போல இடம் இருந்தது. இருக்கத்தான் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் கன்வர்ட்டர் இறங்கவில்லை என்று பொருள். அதை முன்னால் இழுத்து ஆறு போல்ட்டுகளில் முதலாவதைக் கையால் மாட்டினேன். அண்ணன் முன்னால் நின்று கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீள ராட்செட் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே திருப்பினார். "போதும் அண்ணா." இன்னொன்று. "போதும் அண்ணா." ஆறும் கையால் ஏறிய பிறகுதான் இறுக்கம்.

கூலர் குழாய்கள், கியர் லிவர் கம்பி, கிக்டவுன் கேபிள், நியூட்ரல் சுவிட்சின் வயர் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின. தட்டில் பின்னல்போல் ஒரு தட்டை வயர் மிஞ்சியிருந்தது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த். அதை மறந்திருந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் கிக்டவுன் கேபிள் போன்ற மெல்லிய இழுகம்பிகள் வழியாக ஓடி அவற்றைக் கருக்கியிருக்கும்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிரேக்கில் காலை வைத்தபடி லிவரை ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் நிறுத்தி, திரும்பப் பார்க்கில் கொண்டுவந்து, சூடேறியபின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் அளவைப் பார்த்தோம். குறைந்திருந்தது. ஊற்றினோம். பிறகு அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறியது தெரிந்ததா தம்பி?"

"தெரியவில்லை அண்ணா."

"சரி. வீட்டுக்குப் போ."

அன்று இரவு பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழே அந்தப் பழைய அட்டையை விரித்துவைத்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது அட்டையில் நாங்கள் வரைந்த வட்டமும் போல்ட் குத்திய துளைகளும் மட்டும் இருந்தன. மடித்து டிக்கியில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.